பனிக்காலமும் வாசலில் கட்டிய நாயும்: நம் பொறுப்பு என்ன?

 



நீலகிரியில் பனிக்காலம் வந்துவிட்டது. ஊட்டி கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. தலைகுந்தா, அவலாஞ்சி போன்ற திறந்த பகுதிகளில் இந்த மாதங்களில் இரவு வெப்பம் 0 டிகிரிக்குப் பக்கத்தில் இறங்கும். சில இரவுகளில் அதற்கும் கீழே போகும். ஃபஜ்ருக்கு வரும்போது புல்வெளி உப்பு கொட்டியதுபோல் வெளுத்துக் கிடப்பதைப் பார்க்கிறோம். தேயிலைக் கொழுந்து கருகிப் போகிறது. ஒளு செய்யக் குழாயைத் திறந்தால் விரல் விறைக்கிறது.

இந்த நாட்களில் காய்கறித் தோட்டம் வைத்திருப்பவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "ஹஜ்ரத், கேரட் தோட்டத்துக்குக் காவலா நாய் வெச்சிருக்கோம். காட்டுப்பன்றி வருது, காட்டெருமை வருது. நாய் இல்லாம முடியாது. நாய் இருக்கிற வீட்டுக்கு மலக்குமார்கள் வரமாட்டாங்கன்னு வெளியிலதான் கட்டறோம். ராத்திரி பூரா நடுங்குது, அழுவுது. உள்ளே விட்டாக் குத்தமா, வெளியே விட்டாக் குத்தமா?"

இதைக் கேட்டுச் சிலர் சிரிப்பார்கள். "நாய்க்கெல்லாம் பயானா?" என்பார்கள். சிரிக்க வேண்டிய கேள்வி இல்லை இது. மார்க்கத்தின் ஒரு கட்டளை ஒரு பக்கமும், ஓர் உயிரின் வேதனை இன்னொரு பக்கமும் நிற்பதாக ஒரு மனிதருக்குத் தோன்றுகிறது. இரண்டில் எதை விடுவது என்று அவர் தவிக்கிறார். உண்மையில் அந்த இரண்டும் மோதுகின்றனவா? அதைத்தான் இன்று நாம் பார்க்க வேண்டும்.

நஜீஸ் என்றால் வெறுக்கத்தக்கது என்று பொருளா?

ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதுமே நஜீஸ். ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சில் நஜீஸ், உடல் அப்படியல்ல. மாலிகி மத்ஹபிலோ நாய் சுத்தமான பிராணி. இந்த மூன்றும் நம் இமாம்கள் ஆதாரங்களோடு சொன்னவை. அவரவர் மத்ஹபைப் பின்பற்றுவதில் எந்தக் குழப்பமும் இல்லை.

ஆனால் ஒன்றை யோசியுங்கள். நஜீஸ் என்ற சட்டம் எதற்காக வந்தது? என் உடை, என் உடல், நான் தொழும் இடம் ஆகியவற்றின் சுத்தத்திற்காக வந்தது. அது என் தொழுகையைப் பற்றிய சட்டம். எதிரே நிற்கும் உயிருக்கு மதிப்பில்லை என்ற தீர்ப்பு அதில் இல்லை. நம் உடம்பில் ஓடும் இரத்தம் வெளியே வந்தால் நஜீஸ்தானே? அதற்காக நம்மை நாமே வெறுக்கிறோமா? கைக்குழந்தையின் துணி ஒரு நாளைக்குப் பத்து முறை நஜீஸாகிறது. அதற்காகத் தாய் குழந்தையைக் குளிரில் போட்டுவிடுகிறாளா? துணியைக் கழுவுகிறாள், குழந்தையை அணைத்துக்கொள்கிறாள்.

கழுவ வேண்டியதைக் கழுவுங்கள். கழுவுவதைப் பற்றிய சட்டத்தைக் காட்டி இரக்கத்தைக் கைகழுவாதீர்கள்.

நம் ஃபிக்ஹு நூல்களில் தயம்மும் பாடத்தைத் திறந்து பாருங்கள். ஒரு பயணியிடம் கொஞ்சம் தண்ணீர்தான் இருக்கிறது. கூடவே தாகத்தில் இருக்கும் பிராணியும் இருக்கிறது. அது கொல்லப்படக் கூடாத, காக்கப்பட வேண்டிய உயிர் என்றால், அதன் தாகத்துக்காகத் தண்ணீரை வைத்துக்கொண்டு அவர் தயம்மும் செய்து தொழலாம் என்று ஷாஃபிஈ அறிஞர்கள் எழுதியிருக்கிறார்கள். காவல் நாயும் வேட்டை நாயும் அந்தக் காக்கப்பட வேண்டிய உயிர்களில் அடங்கும். வெறிபிடித்துக் கடிக்கும் நாய் அதில் வராது.

எதை நஜீஸ் என்று சொன்னார்களோ, அதன் தாகத்துக்காக ஒளுவையே விட்டுக்கொடுக்கச் சொன்னார்கள் அதே இமாம்கள். நஜீஸும் இரக்கமும் மோதவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுமா?

கட்டியவர் மீது ஏறும் கடன்

அடுத்த கேள்வி. காட்டில் எத்தனையோ பிராணிகள் பனியில் கிடக்கின்றன. நரி கிடக்கிறது, மான் கிடக்கிறது. அவற்றுக்கெல்லாம் நாம் கூரை போட்டா கொடுக்கிறோம்? நாய்க்கு மட்டும் என்ன?

வேறுபாடு சங்கிலியில் இருக்கிறது, சகோதரர்களே.

கட்டாத பிராணிக்கு அல்லாஹ் பிழைக்கும் வழியைக் கொடுத்திருக்கிறான். காற்று அடித்தால் மறைவுக்குப் போகும். தரை ஈரமாக இருந்தால் காய்ந்த இடம் தேடும். வெயில் வந்தால் வெயிலுக்கு நகரும். விறைத்தால் ஓடிச் சூடேற்றிக்கொள்ளும். நீங்கள் ஐந்தடிச் சங்கிலியில் கட்டியவுடன் இந்த வழிகள் அத்தனையும் அடைபடுகின்றன. அதனிடமிருந்து எதையெல்லாம் சங்கிலி பறித்ததோ, அதையெல்லாம் கொடுக்கும் கடன் கட்டியவர் மீது ஏறுகிறது. மறைவு, காய்ந்த தரை, வெயில், நடை, உணவு, தண்ணீர் எல்லாம் இப்போது அதன் உரிமை; உங்கள் கடமை.

இது நானாகச் சொல்லும் தத்துவம் இல்லை. ஒரு பூனையை அடைத்துவைத்து, அது சாகும் வரை விட்டுவிட்டதால் நரகம் சென்ற பெண்ணைப் பற்றிய ஹதீஸை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். புகாரியிலும் முஸ்லிமிலும் அது இருக்கிறது. அந்தப் பெண் மீதுள்ள குற்றச்சாட்டைக் கவனியுங்கள். அவள் தானும் உணவு தரவில்லை. பூமியிலுள்ள பூச்சி புழுக்களைத் தின்று பிழைத்துக்கொள்ளட்டும் என்று அவிழ்த்தும் விடவில்லை. கட்டுவதும் கைவிடுவதும் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில்தான் அந்தப் பாவம் உண்டாகிறது. பசிக்குச் சொன்னது குளிருக்கும் பொருந்தாதா? உணவு வைக்கிறோம் என்று நாம் தப்பிக்க முடியாது. விறைத்துச் சாகும் உயிருக்கு முன்னால் நிறைந்த தட்டு இருந்து என்ன பயன்?

நம் நாட்டுச் சட்டமும் இதே இடத்துக்குத்தான் வந்து நிற்கிறது. 1960-ஆம் ஆண்டின் பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டத்தின் 11-வது பிரிவைப் படித்துப் பாருங்கள். பிராணியை மிகக் குட்டையான அல்லது மிகக் கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டிவைப்பது குற்றம். உரிமையாளர் போதிய உணவு, தண்ணீர், இருப்பிடம் தராமல் விடுவது குற்றம். வழக்கமாகக் கட்டிவைக்கும் நாயைத் தேவையான அளவு நடமாட விடாமல் இருப்பதும் குற்றம். நாயை நடக்கவிடுவது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று நினைப்பவர்கள் இதை அறிந்துகொள்ளட்டும்.

மலக்குமார்கள் வரமாட்டார்களே?

அந்த ஹதீஸ் ஸஹீஹானது. தேவையில்லாமல் நாய் வளர்ப்பவரின் நன்மையிலிருந்து ஒவ்வொரு நாளும் கீராத் அளவு குறையும் என்ற ஹதீஸும் ஸஹீஹானது. வேட்டை, கால்நடை, பயிர் ஆகியவற்றின் காவலுக்கு அதில் விலக்கு இருக்கிறது. வீட்டுக் காவலையும் அதோடு ஒப்பிட்டு அனுமதிப்பதே சரியான கருத்து என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் குறிப்பிடுகிறார்கள். மலக்குமார்கள் நுழையாதது அனுமதியற்ற நாய்க்கு மட்டுமா, எல்லா நாய்க்குமா என்பதில் இமாம் கத்தாபீ (ரஹ்) ஒரு கருத்தும், இமாம் நவவீ (ரஹ்) வேறு கருத்தும் சொல்லியிருக்கிறார்கள். பேணுதலுக்காக நாயை நாம் குடியிருக்கும் அறைக்குள் வைக்காமல் இருப்பது நல்லதுதான்.

ஆனால் 'வீட்டுக்குள் இல்லை' என்றால் 'பனியில்' என்று யார் சொன்னது? வீட்டுக்கும் பனிக்கும் நடுவே எத்தனை இடம் இருக்கிறது! விறகுக் கொட்டகை இருக்கிறது. உர மூட்டை வைக்கும் அறை இருக்கிறது. கார் நிறுத்தும் இடம் இருக்கிறது.

குகைவாசிகளின் வரலாற்றை வெள்ளிதோறும் கஹ்ஃப் சூராவில் ஓதுகிறோம். ஈமானைக் காக்க ஊரைவிட்டுப் போன அந்த இளைஞர்களோடு ஒரு நாயும் போனது. அது குகையின் வாசலில் முன்கால்களை நீட்டிக் கிடந்ததை அல்லாஹ் சொல்லிக்காட்டுகிறான். அவர்கள் எத்தனை பேர் என்ற பேச்சு வரும்போதெல்லாம் அந்த நாயும் சேர்த்தே எண்ணப்படுகிறது. நல்லோரின் வாசலில் ஒரு நாய்க்கு இடம் இருந்தது. உங்கள் வாசலில் உங்கள் பயிரைக் காக்கும் நாய்க்கு அந்த அளவு இடம் இல்லையா?

ஆகவே கேள்வி கேட்ட சகோதரருக்கும், இதைப் படிக்கும் உங்களுக்கும் பதில் இதுதான்: உள்ளேயா வெளியேயா என்று குழம்ப வேண்டாம். வாசலருகே, காய்ந்த, காற்றடிக்காத, கதவு வைத்த ஓர் இடம் கொடுங்கள். இரண்டு கட்டளையும் நிறைவேறும்.

செய்ய வேண்டியவை

நல்ல எண்ணம் மட்டும் நாய்க்குச் சூடு தராது. அதனால் சில செய்திகளைத் தெளிவாகச் சொல்கிறேன்.

கூண்டைப் பள்ளத்தில் வைக்காதீர்கள். தெளிந்த வானம் உள்ள இரவில் குளிர்ந்த காற்று சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். உறைபனி அங்கேதான் அதிகம் விழும். கொஞ்சம் மேட்டில், சுவரோரம் வையுங்கள். தரையில் படாமல் நான்கு விரல் உயரம் தூக்கிப் பலகை போடுங்கள். வெறும் தகரக் கூண்டு இரவில் ஐஸ் போல ஆகிவிடும், உள்ளே நீர் கோர்த்துச் சொட்டும். மரப்பலகை நல்லது. கூண்டு பெரிதாக இருக்கத் தேவையில்லை. நாய் நின்று திரும்பிப் படுக்கும் அளவு போதும். சின்ன இடம்தான் அதன் உடல் சூட்டிலேயே வெதுவெதுப்பாகும். வாசல் காற்று வரும் திசைக்கு எதிர்ப்புறம் இருக்கட்டும், அதில் சாக்கைத் திரைபோலத் தொங்க விடுங்கள். உள்ளே காய்ந்த வைக்கோல் போட்டு, நனைந்தால் மாற்றுங்கள். ஈரச் சாக்கு வெறுந்தரையைவிடக் கேடு.

மூடிய கொட்டகையில் ஒருபோதும் கரி அடுப்பு வைக்காதீர்கள். அந்தப் புகைக்கு வாசனை இல்லாத விஷவாயு உண்டு. மூடிய அறையில் கரி மூட்டிவிட்டுத் தூங்கிய மனிதர்களே எழுந்ததில்லை.

இரவில் நாயை வெளியே கட்டிவைப்பதில் இன்னோர் ஆபத்தும் இருக்கிறது. நம் மலையில் சிறுத்தைக்கு நாய் எளிதான இரை. அவிழ்ந்த நாயாவது ஓடிப் பிழைக்கலாம். கட்டிய நாய் எங்கே ஓடும்? அதைத் தேடி வரும் சிறுத்தை உங்கள் பிள்ளைகள் விளையாடும் முற்றத்துக்கே வந்து பழகிவிடும். இருட்டியதும் கதவு உள்ள இடத்தில் அடைத்துவிடுங்கள். அது குரைத்தாலே போதும், காவல் நடக்கும்.

குளிர் என்று நடையை நிறுத்திவிடாதீர்கள். அசையாமல் கிடக்கும் நாய்க்கு மூட்டு விறைக்கும், மனமும் கெடும். ஓயாமல் குரைக்கும், சங்கிலியைக் கடிக்கும். பனி உருகி வெயில் ஏறிய பிறகு ஒரு முறை, அஸருக்கு முன் ஒரு முறை கூட்டிப் போங்கள். மங்கிய பிறகு வேண்டாம். ராஜபாளையம், சிப்பிப்பாறை, கோம்பை போன்றவை மயிர் குட்டையான இனங்கள். சமவெளி வெயிலுக்குப் பழகியவை. மலைக்குக் கொண்டு வந்தால் கூடுதல் கவனம் வேண்டும். குட்டிக்கும் கிழட்டு நாய்க்கும் ஒரே நீண்ட நடையைவிடச் சிறு சிறு நடைகள் நல்லது. நனைந்து வந்தால் வயிற்றையும் பாதத்தையும் பழைய துணியால் துடைத்துவிடுங்கள். மழையும் காற்றும் விடாத நாளில், உணவைப் பழைய துணியில் சுற்றியோ வைக்கோலில் ஒளித்தோ வைத்து மோந்து தேடவிட்டாலே அதற்கு ஒரு வேலையாகும்.

வெளியே இருக்கும் நாய் உடல் சூட்டைக் காக்கவே அதிகம் செலவழிக்கிறது. அதற்குக் கொஞ்சம் கூடுதல் உணவு வேண்டும். வெறும் சோறு போதாது. தண்ணீர்ச் சட்டியில் பனி படர்ந்திருக்கிறதா என்று காலையில் பாருங்கள்.

நடுங்குவதும், பாதத்தை மாற்றி மாற்றித் தூக்குவதும் குளிர் தாங்கவில்லை என்பதன் அடையாளம். நடுக்கம் நின்று, துவண்டு, ஈறு வெளுத்துக் குளிர்ந்துபோனால் அது தேறிவிட்டது என்று நினைக்காதீர்கள். அதுதான் பெரிய ஆபத்து. காய்ந்த கம்பளியில் சுற்றுங்கள். வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். நெருப்பருகே போடாமல், உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டு போங்கள்.

"இதையெல்லாம் செய்தால் நஜீஸ் படுமே?" என்றால், வழி எளிது. காய்ந்த கை காய்ந்த மயிரில் பட்டால் நஜீஸ் ஒட்டாது. ஈரம் பட்டால் ஷாஃபிஈ மத்ஹபினர் ஏழு முறை கழுவ வேண்டும். அதில் ஒரு முறை மண் கலந்து கழுவ வேண்டும். நாய் வேலைக்கென்று ஒரு பழைய சட்டையைத் தனியாக மாட்டி வையுங்கள். தொழுகைக்கு முன் மாற்றிக்கொள்ளுங்கள்.

மனிதனே நடுங்கும்போது நாயைப் பற்றிப் பேசலாமா?

இந்தக் கேள்வி நியாயமானது. இரவுக் காவலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் குந்தியிருக்க, வீட்டுக்குள் வெளிநாட்டு நாய்க்குக் கம்பளிச் சட்டை மாட்டிவிடுவது இரக்கம் ஆகாது. அது வீம்பு. ஊரார் பார்க்க வேண்டும் என்று நாய் வாங்குவதற்கு அந்தக் கீராத் ஹதீஸே எச்சரிக்கை. முதலில் காவலாளிக்குப் போர்வை கொடுங்கள்.

ஆனால் காவலாளிக்கும் கொடுக்காமல், நாய்க்கும் கொடுக்காமல், ஒன்றைச் சொல்லி மற்றொன்றைத் தட்டிக்கழிப்பவர்களும் நம்மில் இருக்கிறார்கள். நாய்க்குத் தேவை ஒரு கட்டு வைக்கோலும் நான்கு பலகையும். எந்த ஏழையின் போர்வையிலிருந்தும் அது வரப்போவதில்லை. இரக்கம் என்பது ஒருவருக்குக் கொடுத்தால் இன்னொருவருக்குக் குறையும் ரேஷன் அரிசி இல்லை. வாயில்லாத ஜீவனின் நடுக்கம் காதில் விழுகிறவருக்குத்தான் காவலாளியின் இருமலும் காதில் விழும்.

அன்ஸாரித் தோழர் ஒருவரின் தோட்டத்தில் ஓர் ஒட்டகம் நபி (ஸல்) அவர்களைக் கண்டு அழுதது. அதன் காதுப் பின்புறத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, அதன் உரிமையாளரை அழைத்து, பட்டினி போட்டு வேலை வாங்குவதாக இது உம்மைப் பற்றி முறையிடுகிறதே, அல்லாஹ்வை அஞ்சமாட்டீரா என்று கண்டித்தார்கள். அபூதாவூதில் வரும் செய்தி இது. அந்தத் தலைவருக்கு அன்று வேறு வேலை இல்லாமலா இருந்தது?

வேலை முடிந்த நாய்

கடைசியாக ஒன்று. இதுதான் நெஞ்சைச் சுடும் செய்தி.

எட்டு, பத்து வருடம் தோட்டம் காத்த நாய்க்கு வயதாகிறது. காது மந்தமாகிறது. பனிக்காலத்தில் பின்னங்கால் எழாது. "சோம்பேறி ஆயிடுச்சு" என்கிறோம், அது வலி. பிறகு ஒரு நாள் ஜீப்பில் ஏற்றி, காட்டோரத்திலோ வேறு ஊர்ச் சந்தையிலோ இறக்கிவிட்டு வருகிறார்கள் சிலர். "கொல்லவில்லையே, விட்டுத்தானே வந்தோம்" என்று மனதைத் தேற்றிக்கொள்கிறார்கள்.

ஹிஜ்ரி 660-இல் மறைந்த ஷாஃபிஈ பேரறிஞர் இஸ்ஸுத்தீன் இப்னு அப்துஸ்ஸலாம் (ரஹ்) அவர்கள், மனிதன் மீது பிராணிகளுக்குள்ள உரிமைகளை வரிசைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள். அதில் முதலில் வருவதே அதன் பராமரிப்புச் செலவு. அது முதுமையடைந்தாலும், நோயுற்று அதனால் எந்தப் பயனும் இல்லாமல் போனாலும் அந்தச் செலவு உரிமையாளர் மீது கடமை என்கிறார்கள். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சொன்ன சட்டம் இது.

பயன் இருக்கும் வரை கொடுப்பதற்குப் பெயர் கூலி. பயன் தீர்ந்த பிறகும் கொடுப்பதுதான் ரஹ்மத். நாளை நமக்கும் வயதாகும், சகோதரர்களே. நம் முழங்காலும் பனியில் எழாது. யாருக்கும் எந்தப் பயனும் இல்லாத நிலையில்தான் நாம் கப்ருக்குப் போகப் போகிறோம். அங்கே அல்லாஹ் நம்மிடம் கணக்குப் பார்த்துக் கூலி மட்டும் கொடுத்தால் நம் கதி என்ன?

தாகத்தில் ஈர மண்ணை நக்கிய ஒரு நாய்க்காகக் கிணற்றில் இறங்கி, காலுறையில் தண்ணீர் மொண்டு, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறி வந்த மனிதரின் பாவத்தை அல்லாஹ் மன்னித்தான். அந்த நாய் அவருடையது இல்லை. அவர் அதைக் கட்டவும் இல்லை. வழியில் கண்ட நாய்க்கே அந்தக் கூலி என்றால், நீங்களே கட்டிவைத்த நாய்க்கு நீங்கள் செய்ய வேண்டியது எவ்வளவு!

இன்று ஜும்ஆ முடிந்து வீட்டுக்குப் போனதும் அந்தக் கூண்டைப் பாருங்கள். கையை உள்ளே விட்டுத் தரை காய்ந்திருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். சங்கிலி எத்தனை அடி என்று பாருங்கள். உங்கள் வீட்டில் நாய் இல்லையென்றால், காலையில் வண்டியைக் கிளப்பும் முன் முன்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டுங்கள்; எஞ்சின் சூட்டுக்காகத் தெரு நாயோ பூனையோ அடியில் படுத்திருக்கும். அதற்கு ஒரு நொடிதான் ஆகும்.

யா அல்லாஹ்! எங்கள் பொறுப்பில் நீ கொடுத்த ஒவ்வோர் உயிரின் விஷயத்திலும் உன்னை அஞ்சி நடப்பவர்களாக எங்களை ஆக்குவாயாக! வாய் பேச முடியாதவற்றின் முறையீடு நாளை மறுமையில் எங்களுக்கு எதிராக எழாமல் காப்பாயாக! இந்தப் பனிக்காலத்தில் நடுங்கும் மனிதர்களுக்கும் மற்ற உயிர்களுக்கும் எங்கள் கைகளால் கதகதப்பைக் கொடுப்பாயாக! ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.